ஜீரோ கலையாமல் ஸ்கோப் மாற்ற முடியுமா?

இலக்குநோக்கி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. அதன்மேல் 25.4 மி.மீ. குழாய் கொண்ட பழைய ஸ்கோப். 100 மீட்டரில் ஜீரோ செய்து (குறுக்குக்கோடு காட்டும் இடத்திலேயே தோட்டா விழும்படி அமைத்து), அதன் போக்கை நன்றாகப் பழகி வைத்திருக்கிறேன். இப்போது 30 மி.மீ. குழாயும் 56 மி.மீ. முன்கண்ணாடியும் உள்ள புதிய ஸ்கோப் கைக்கு வந்திருக்கிறது. நெடுந்தூரப் பயிற்சிக்குப் புதியது, மற்ற நாட்களுக்கு எடை குறைந்த பழையது என இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்ட விரும்புகிறேன்.

என் சந்தேகங்கள்: பழைய ஸ்கோப்பில் இருக்கும் ஜீரோவை, சுட்டுப் பார்க்காமலேயே புதியதற்குக் கொண்டுபோக வழி உண்டா? குழல் வாயில் பொருத்தும் காலிமேட்டர் என்ற கருவி வாங்கினால் போதும் என்கிறார்கள். அடுத்தது, நெம்புகோல் வைத்த கியூ.டி. மவுண்டில் (விரைவாகக் கழற்றிப் பூட்டும் ஸ்கோப் பிடிப்பில்) பூட்டினால் எத்தனை முறை கழற்றினாலும் அதே இடத்தில் சுடும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருகாணி:

நண்பரே, முதலில் ஜீரோ எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். குழலின் அச்சுக்கும் ஸ்கோப்பின் பார்வைக்கோட்டுக்கும் இடையே ஒரு சிறு கோணம் இருக்கிறது. ரெயில் (ரைஃபிளின் மேலுள்ள, பள்ளங்கள் வெட்டிய பட்டை), மவுண்டின் அடிப்பாகம், வளையங்கள், ஸ்கோப்புக்குள் இருக்கும் குறுக்குக்கோடு ஆகிய நான்கும் சேர்ந்துதான் அந்தக் கோணத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. இவற்றில் எந்த இணைப்பைத் திறந்தாலும் கோணம் போய்விடும். எந்த இணைப்பு அதே இடத்துக்குத் திரும்பி வரும்படி செய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி.

வளைய மூடிகளைத் திறந்து ஸ்கோப்பை வெளியே எடுத்துவிட்டால் அது திரும்பாது. குழாய் அரை மி.மீ. முன்பின்னாகவோ சற்றுச் சுழன்றோ உட்காரும். ரெயிலுக்கும் மவுண்டுக்கும் இடையிலான இணைப்பு திரும்பி வரக்கூடியது. ஆகவே ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் சொந்தமாக ஒரு மவுண்ட் வாங்குங்கள். ஒருமுறை பொருத்திய பின் வளையங்களைத் தொடவே வேண்டாம். கழற்றுவதும் பூட்டுவதும் எப்போதும் ஸ்கோப்பும் மவுண்டும் சேர்ந்த முழுத் தொகுதியாகத்தான் நடக்க வேண்டும்.

உங்கள் ரெயில் பிக்காட்டினி வகையா வீவர் வகையா என்றும் பாருங்கள். 1995இல் அமெரிக்க ராணுவத் தரமாக எழுதப்பட்ட பிக்காட்டினியில் பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., பள்ளத்துக்குப் பள்ளம் இடைவெளி 10.01 மி.மீ. வீவரில் பள்ளம் 4.57 மி.மீ. தான், இடைவெளிக்கும் ஒரே அளவு கிடையாது. வீவர் மவுண்டை பிக்காட்டினி ரெயிலில் வைத்தால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும், ஆனால் பள்ளத்துக்குள் அரை மி.மீ.க்கு மேல் இடம் மிஞ்சும். அந்த இடத்தில் மவுண்ட் ஒருநாள் முன்னாலும் ஒருநாள் பின்னாலும் நின்றால் ஜீரோ எப்படி நிலைக்கும்?

அதனால்தான் பூட்டும்போது மவுண்டை முன்னோக்கி, அதாவது குழல் வாய்ப் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்கச் சொல்கிறோம். சுடும்போது ரைஃபிள் பின்னால் பாய்கிறது. ஸ்கோப் தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ரைஃபிளை வைத்துப் பார்த்தால் ஸ்கோப் முன்னால் நகர்கிறது. மவுண்டின் குறுக்குப் பட்டை ஏற்கெனவே பள்ளத்தின் முன்சுவரில் முட்டிக்கொண்டிருந்தால் நகர இடமில்லை.

நெம்புகோல்:

திருகாணி சொல்வது சரி, ஆனால் தேவைக்கு மேல் பயமுறுத்துகிறார். தரமான கியூ.டி. மவுண்டை நான் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறேன். கழற்றுவேன், பையில் வைப்பேன், பூட்டுவேன், மூன்று தோட்டா சுட்டுப் பார்ப்பேன். எப்போதும் அதே குரூப்தான் (துளைகளின் கூட்டம்). நல்ல மவுண்ட் வாங்கினால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

திருகாணி:

நல்ல மவுண்ட் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். ஒரு கணக்கு சொல்கிறேன். மவுண்டின் அடிப்பாகம் 100 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையில், ரெயிலுக்கும் மவுண்டுக்கும் நடுவே 0.05 மி.மீ. தடிமனுள்ள மணல் துகள் ஒன்று மாட்டிக்கொண்டது. மெல்லிய தலைமுடியின் தடிமன்தான் அது. 0.05ஐ 100ஆல் வகுத்தால் 0.0005 ரேடியன், அதாவது அரை மில் (ஒரு மில் என்பது ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 100 மீட்டரில் 5 செ.மீ. விலகல்! எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மவுண்டாக இருந்தாலும் அந்தத் துகளுக்கு விலை தெரியாது. பூட்டும் முன் ரெயிலையும் மவுண்டின் அடியையும் உலர்ந்த துணியால் துடைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நெம்புகோலின் இறுக்கமும் அப்படித்தான். பல மவுண்டுகளில் எதிர்ப்பக்கம் ஒரு சிறு நட்டு இருக்கும். அதைத் திருப்பி இறுக்கத்தை அந்த ரெயிலுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். தளர்வாக இருந்தால் மவுண்ட் நகரும். அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினிய ரெயிலின் விளிம்பு நசுங்கி, நாளடைவில் அந்த இடமே மாறிப்போகும்.

நுண்கணக்கு:

நெம்புகோல் நண்பர் சொன்ன "மூன்று தோட்டா, அதே குரூப்" என்பதைப் பற்றி நான் பேச வேண்டும். இந்த விஷயத்தில் மிகப் பலர் தவறான முடிவுக்கு வருவது இந்த இடத்தில்தான்.

100 மீட்டரில் ஒரு ரைஃபிளின் சிதறல் கிடைமட்டத்திலும் செங்குத்திலும் தலா 1 செ.மீ. திட்ட விலக்கம் கொண்டது என்று கொள்வோம். அதில் மூன்று தோட்டாக் குரூப்பின் அகலம் சராசரியாக 2.4 செ.மீ. வரும், நல்ல ரைஃபிள்தான். ஆனால் அந்த மூன்று துளைகளின் மையம் உண்மையான மையத்திலிருந்து ஒவ்வொரு திசையிலும் 0.58 செ.மீ. திட்ட விலக்கத்தோடு தள்ளாடும். கழற்றும் முன் ஒரு மூன்று, பூட்டிய பின் ஒரு மூன்று என ஒப்பிட்டால் இரண்டின் தள்ளாட்டமும் சேர்ந்து 0.82 செ.மீ. ஆகிறது. மவுண்ட் இம்மிகூட நகராவிட்டாலும் மையம் 1 செ.மீ. நகர்ந்ததுபோல் அடிக்கடி தோன்றும். மவுண்ட் உண்மையில் 1 செ.மீ. நகர்ந்திருந்தாலும் ஒன்றுமே நடக்காததுபோலவும் தோன்றலாம். 0.1 மில் கிளிக் (டரட் என்னும் திருப்பு குமிழின் ஒரு படி) உள்ள ஸ்கோப்பில் 1 செ.மீ. என்பது ஒரு முழுக் கிளிக்.

பத்துப் பத்தாகச் சுட்டு ஒப்பிட்டால் இந்தத் தள்ளாட்டம் 0.45 செ.மீ. ஆகக் குறைகிறது. மவுண்டைச் சோதிக்க வேண்டுமென்றால் அதுதான் நேர்மையான வழி. ஐந்து சுட்டுக் கழற்றிப் பூட்டி ஐந்து சுடுவதைவிட, ஒவ்வொரு தோட்டாவுக்கும் நடுவில் கழற்றிப் பூட்டிப் பத்துச் சுடுங்கள். பிறகு ஒருமுறைகூடக் கழற்றாமல் பத்துச் சுடுங்கள். முதல் குரூப் இரண்டாவதைவிடத் தெளிவாக விரிந்திருந்தால் மவுண்ட் இடம் மாறுகிறது என்று பொருள். இரண்டின் மையத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நெம்புகோல்:

இந்தக் கணக்கை நான் இதுவரை இப்படி யோசித்ததில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: 100 மீட்டரில் கையகல இலக்கைச் சுடுபவருக்கு 1 செ.மீ. முக்கியமா?

நுண்கணக்கு:

அவருக்கு முக்கியமில்லை, அவருடைய தேவைக்கு உங்கள் மூன்று தோட்டாச் சோதனை போதும். இழையைத் தொடங்கியவர் நெடுந்தூரம் சுடப்போகிறார். 100இல் 1 செ.மீ. என்பது கோணத்தால் 600இல் 6 செ.மீ. ஆகும். இருவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

பழையகுழல்:

காலிமேட்டர் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. இழையின் முதல் கேள்வியே அதுதான்.

காலிமேட்டர் என்பது குழல் வாயில் தண்டு செருகியோ காந்தத்தாலோ நிற்கும் சிறு கருவி. ஸ்கோப் வழியாகப் பார்த்தால் அதனுள் கட்டக்கோடுகள் தெரியும். நன்றாக ஜீரோ ஆன பழைய ஸ்கோப்பின் குறுக்குக்கோடு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று தாளில் வரைந்துகொள்ள வேண்டும். காலிமேட்டரை அசைக்காமல் பழையதைக் கழற்றி, புதியதைப் பூட்டி, டரட்டுகளைத் திருப்பிக் குறுக்குக்கோட்டை அதே கட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். "காலிமேட்டரை அசைக்காமல்" என்பதைக் கவனியுங்கள். தண்டைக் கழற்றித் திரும்பச் செருகினால் அது அதே இடத்தில் உட்காரும் என்பதற்கு உறுதியில்லை. இது முதல் தோட்டாவைத் தாளில் விழ வைக்கும். அதற்குமேல் இதை நம்பக்கூடாது. கட்டங்கள் பெரியவை, ஒரு கட்டத்துக்குள் பல கிளிக்குகள் அடங்கும்.

எல்லோரும் விட்டுவிடும் இன்னொரு விஷயம் இருக்கிறது. காலிமேட்டர் கோணத்தை மட்டுமே காப்பாற்றும், உயரத்தை அல்ல. இலக்குநோக்கி, உங்கள் புதிய ஸ்கோப்பின் முன்கண்ணாடி 56 மி.மீ.; வளையங்கள் உயரமாக வேண்டும். குழலின் மையத்திலிருந்து ஸ்கோப்பின் மையம் வரை பழையதில் எவ்வளவு, புதியதில் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள்.

வேலை தொடங்கும் முன் போல்ட்டைக் (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் தண்டை) கழற்றுங்கள், தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். சுடும் முன் காலிமேட்டரின் தண்டு குழலை விட்டு வெளியே வந்துவிட்டதா என்று பாருங்கள். அது உள்ளே இருக்கும்போது சுட்டால் குழல் வெடிக்கும்.

இலக்குநோக்கி:

அளந்துவிட்டேன். பழையது 38 மி.மீ., புதியது 50 மி.மீ. வருகிறது. 12 மி.மீ. வித்தியாசம் என்ன செய்யும்?

பழையகுழல்:

கோணம் அப்படியே இருந்து பார்வைக்கோடு மட்டும் 12 மி.மீ. மேலே போனால், தோட்டா எல்லாத் தூரத்திலும் பழையதைவிட 12 மி.மீ. தாழ்வாக விழும். 100 மீட்டரில் 0.1 மில் ஒரு கிளிக் என்றால் 1 செ.மீ.; எனவே காலிமேட்டரில் ஒத்துப்போன பிறகு மேலே ஒரு கிளிக் கொடுங்கள். கால் எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பாக இருந்தால் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7.3 மி.மீ.; இரண்டு கிளிக் கொடுக்கலாம்.

என்னைக் கேட்டால் காலிமேட்டரே வேண்டாம். ரைஃபிளை உறுதியான தாங்கியில் பிடித்து வையுங்கள். நீங்கள் ஜீரோ செய்த அதே 100 மீட்டரில் ஒரு குறியை வையுங்கள். பழைய ஸ்கோப்பின் குறுக்குக்கோடு அந்தக் குறியின்மேல் நிற்கும்படி ரைஃபிளை அமைத்துப் பூட்டிவிடுங்கள். பிறகு ஸ்கோப்பை மாற்றி, புதியதன் குறுக்குக்கோட்டை டரட்டால் அதே குறிக்குக் கொண்டுவாருங்கள். உயர வித்தியாசம் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும், ஏனென்றால் இரண்டு பார்வைக்கோடுகளும் 100 மீட்டரில் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஆனால் மற்ற தூரங்களில் அவை பிரிந்துவிடும்: 200இல் தோட்டா முன்பைவிட 1.2 செ.மீ. மேலே, 300இல் 2.4 செ.மீ. மேலே. பாதைக் கணக்குப் போடும் செயலியில் ஸ்கோப் உயரத்தை 50 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

திருகைத் தளர்த்தும்போது ரைஃபிள் நகர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போல்ட் வெளியே இருக்கிறதல்லவா, குழலின் பின்புறம் வழியாகப் பாருங்கள். தூரத்தில் ஒரு கறுப்பு வட்டம் வைத்து, குழலின் வட்டத்துக்குள் அது எங்கே நிற்கிறது என்று தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் பாருங்கள். மாறியிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓர்கண்:

இந்த முறையில் டரட்டைத் திருப்பும்போது பலருக்குக் குழப்பம் வருகிறது. டரட்டில் உள்ள அம்பு, தோட்டா விழும் இடம் எந்தப் பக்கம் நகரும் என்று சொல்கிறது. ரைஃபிள் அசையாமல் இருக்கும்போது ஸ்கோப் வழியே பார்த்தால் குறுக்குக்கோடு அதற்கு எதிர்ப்பக்கம் நகரும். "மேலே" என்று திருப்பினால் குறுக்குக்கோடு கீழே இறங்கும். குறி உங்கள் குறுக்குக்கோட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் "இடது" என்று திருப்ப வேண்டும். கண்ணால் பார்த்துக்கொண்டே திருப்பினால் எந்தக் குழப்பமும் இல்லை.

பாரலாக்ஸ் சக்கரம் இருந்தால் முதலில் அதை 100 மீட்டருக்கு அமையுங்கள். தலையை இலேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். குறியின்மேல் குறுக்குக்கோடு ஊர்ந்தால் பாரலாக்ஸ் இன்னும் சரியாகவில்லை. அப்படியே அமைத்தால், கண் எங்கே இருந்ததோ அங்கேயிருந்து பார்த்தால் மட்டும்தான் அந்த ஜீரோ சரியாக இருக்கும்.

பழைய ஸ்கோப்புகளில் டரட்டின் உள்சுருள் சோம்பேறியாக இருக்கும்; கிளிக் கேட்கும், குறுக்குக்கோடு உடனே நகராது. வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு மூன்று கிளிக் போய்த் திரும்பி வாருங்கள்.

காற்றழுத்தம்:

காற்று ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்காக. 11 மி.மீ. டவ்டெயிலில் (ரைஃபிளின் நீளவாக்கில் வெட்டிய சாய்வுப் பள்ளத்தில்) குறுக்குப் பள்ளம் கிடையாது. முன்னால் தள்ளி முட்ட வைக்கச் சுவர் இல்லை. அதிலும் சுருள் பிஸ்டன் வகையில் அதிர்வு இரண்டு திசையிலும் வரும்: பிஸ்டன் கிளம்பும்போது ரைஃபிள் பின்னால், பிஸ்டன் முடிவில் மோதும்போது முன்னால். இந்த இரட்டை அதிர்வுக்கென்று செய்யப்படாத ஸ்கோப் உள்ளே உடைந்துபோகும். உடையாததும் டவ்டெயிலில் மெல்ல ஊர்ந்து போகும். ரிசீவரில் (குழல் பொருந்தியிருக்கும் உடல்பகுதியில்) நிறுத்துத் துளை இருந்தால், நிறுத்து ஊசி உள்ள மவுண்டையே வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் அந்த ஊசி துளையில் இறங்கியதா என்று பார்த்துப் பூட்டினால் மட்டுமே திரும்பும் ஜீரோ பற்றிப் பேச முடியும்.

உயர வித்தியாசம் எங்களுக்கு இன்னும் கடுமையானது. அதே 12 மி.மீ. 25 மீட்டரில் கிட்டத்தட்ட அரை மில், 0.1 மில் ஸ்கோப்பில் ஐந்து கிளிக். .308 காரர்கள் ஒரு கிளிக்கில் முடித்துவிடுகிறார்கள்.

இலக்குநோக்கி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பழையகுழல் ஐயா சொன்ன 100 மீட்டர்க் குறி முறையைத்தான் செய்யப்போகிறேன். இரண்டு மவுண்டுகளும் வாங்கிவிட்டேன். குறுக்குத் திருகு வைத்தவை, நெம்புகோல் அல்ல. திருகுகளுக்கு எவ்வளவு இறுக்கம்? பசை போடலாமா?

திருகாணி:

உங்கள் மவுண்ட் தயாரிப்பாளர் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறாரோ அதுதான். வளைய மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 அங்குல-பவுண்டு, அதாவது 1.7 முதல் 2.3 நியூட்டன்-மீட்டர் என்று இருக்கும். அதைத் தாண்டினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும், உள்ளேயிருக்கும் டரட்டின் அசைவு கெடும். ரெயிலைப் பிடிக்கும் குறுக்குத் திருகுக்கு இதைவிட அதிகம் வேண்டும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மிகவும் மாறும். டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். கை உணர்வை நம்பினால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இறுக்கம். நீங்கள் கேட்கும் "அதே இடம்" கிடைக்காது.

ரெயிலை ரிசீவரோடு பிணைக்கும் திருகுகளுக்கு நடுத்தர வலிமையுள்ள நீலப் பசை ஒரு சொட்டு நல்லது. அவற்றை நீங்கள் கழற்றப்போவதில்லை. வளையத் திருகுகளுக்கு வேண்டாம். ஈரமான பசை புரியில் எண்ணெய்போல் வேலை செய்து, ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாக இறுக்கிவிடும்.

மூடித் திருகுகளை ஒரு பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். ஸ்கோப் சுழன்று குறுக்குக்கோடு சாய்ந்துவிடும். குறுக்காக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். தூரத்தில் ஒரு தூக்குக்குண்டுக் கயிறு தொங்கவிட்டு, ரைஃபிளை ரசமட்டம் வைத்து நேராக்கி, செங்குத்துக் கோடு கயிற்றோடு ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். இரண்டு ஸ்கோப்புகளுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஒன்று நேராகவும் மற்றது சாய்வாகவும் இருந்தால், 100இல் தெரியாது. 500இல் மேலே கிளிக் கொடுக்கக் கொடுக்கத் தோட்டா பக்கவாட்டில் நழுவும்.

ஓர்கண்:

ரெயிலின் எந்தப் பள்ளத்தில் எந்த ஸ்கோப் என்று எழுதி வையுங்கள். வண்ணப் பேனாவால் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு கோடு, மவுண்டில் ஒரு கோடு. அடுத்த பள்ளத்தில் வைத்தாலும் ஸ்கோப் உட்காரும். ஆனால் ரெயில் எல்லா இடத்திலும் அவ்வளவு நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இலக்குநோக்கி:

செய்துவிட்டேன். தாங்கியில் வைத்து, குறி பார்த்து, மாற்றி, குழல் வழியாகவும் சரிபார்த்தேன். களத்தில் புதிய ஸ்கோப்போடு சுட்ட முதல் தோட்டா குறிக்கு 3 செ.மீ. கீழே, 2 செ.மீ. இடப்பக்கம். பத்துத் தோட்டாக் குரூப்பின் மையம் பார்த்து, மேலே இரண்டு, வலப்பக்கம் இரண்டு கிளிக் கொடுத்தேன். அடுத்த குரூப் நடுவில் விழுந்தது. அதன்பின் பழையதைத் திரும்பப் பூட்டிப் பத்துச் சுட்டேன். மையம் முன்பிருந்த இடத்திலிருந்து அரை செ.மீ.க்குள். நுண்கணக்கு நண்பர் சொன்ன தள்ளாட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இன்னொரு சந்தேகம். இதே புதிய ஸ்கோப்பை என் .22க்கும் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. அதிலும் பிக்காட்டினி ரெயில்தான். ஒவ்வொரு முறையும் புதிதாக ஜீரோ செய்ய வேண்டுமா?

பழையகுழல்:

முதலில் புதியதை .308இல் வைத்து, டரட்டுகளின் பக்கத் திருகைத் தளர்த்தி இரண்டையும் 0இல் நிறுத்துங்கள். அதுதான் உங்கள் அடிப்படை. பிறகு மவுண்டோடு சேர்த்து .22இல் பூட்டி, அதை 50 மீட்டரில் ஜீரோ செய்யுங்கள். டரட்டின் 0ஐ மாற்ற வேண்டாம். எத்தனை கிளிக் மேலே, எத்தனை பக்கவாட்டில் என்று மட்டும் பாருங்கள். உதாரணமாக மேலே 1.8 மில், இடது 0.3 மில் என்று வரலாம். அதை ஒரு சிறு தாளில் எழுதி .22இன் பின்கட்டையில் ஒட்டுங்கள். ஸ்கோப் அங்கே போகும்போது அந்த எண்ணுக்குத் திருப்புங்கள், .308க்குத் திரும்பும்போது 0க்கு வாருங்கள்.

உங்கள் டரட்டில் ஜீரோ ஸ்டாப் இருந்தால் ஒன்று பாருங்கள். .22க்கு வேண்டிய எண் 0க்குக் கீழே வந்தால் ஸ்டாப் தடுத்துவிடும். அப்போது .22ஐ அடிப்படையாக வைத்து 0ஐ அங்கே அமையுங்கள்; .308க்கு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பாரலாக்ஸையும் 50க்கு மாற்ற மறக்க வேண்டாம்.

இலக்குநோக்கி:

புரிந்தது ஐயா. இரண்டு ரைஃபிளுக்கும் தாள் ஒட்டிவிடுகிறேன். தோட்டா வகை, தூரம், பள்ளத்தின் எண், டார்க் அளவு எல்லாம் அதிலேயே எழுதப்போகிறேன்.

பழையகுழல்:

தோட்டாவின் தயாரிப்புத் தொகுதி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். தொகுதி மாறினால் வேகம் மாறும். பிறகு ஜீரோ நகர்ந்தது என்று மவுண்டைச் சந்தேகிப்பீர்கள்.